எல்லாரும் ஒப்பிச்சிட்டாங்க, டீச்சர்

ஒன்பதாம் வகுப்பு முடிகிற வரைக்கும் மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதே வினோலியாவுக்குப் பிடிக்காது. மற்றப் பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடி வட்டம் வட்டமாக உட்காருவார்கள். எந்த வட்டத்திலும் அவளுக்கு இடம் இருக்காது. 'வராதே' என்று ஒருத்தியும் சொன்னதில்லை. யாரும் நகர்ந்து உட்கார மாட்டார்கள், அவ்வளவுதான். அவள் வகுப்பறையிலேயே இருந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படிப்பதுபோல் தயிர்சாதத்தை விழுங்குவாள்.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள்? படித்தாள். கேள்வி கேட்டால் கையைத் தூக்கினாள். ஒரு தடவை, டீச்சர் டெஸ்ட் வைப்பதையே மறந்து பாடம் நடத்த ஆரம்பித்தபோது, எழுந்து நின்று ஞாபகப்படுத்தினாள். திண்டுக்கல்லில் மட்டுமல்ல, எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் இதற்கு மன்னிப்புக் கிடையாது. 'படிப்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் சொன்னால் அவள் அம்மா ஜோஸ்பின், "பொறாமைடி, வேற என்ன? நீ பாட்டுக்குப் படி" என்பாள். பெற்றவர்களுக்கு மார்க்கு தெரியும். பிள்ளை தனியாகச் சாப்பிடுவது எந்த ரிப்போர்ட் கார்டில் வருகிறது?

பத்தாம் வகுப்பில் வகுப்பு ஆசிரியையாக இஞ்ஞாசியம்மாள் டீச்சர் வந்தார். கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருந்தவர். அறுபது பிள்ளைகளை ஒரு ஆள் உட்கார்ந்து கேட்க முடியுமா? அதற்கு நம் பள்ளிக்கூடங்களில் காலங்காலமாக ஓர் ஏற்பாடு உண்டு. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, நன்றாகப் படிக்கிற ஒருத்தியை ஒவ்வொரு குழுவுக்கும் லீடராகப் போடுவார்கள். கடைசிப் பீரியடில் மற்றவர்கள் அன்றைய பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் லீடரிடம் ஒப்பிக்க வேண்டும். முடிந்ததும் லீடர் எழுந்து, "எங்க குரூப்ல எல்லாரும் ஒப்பிச்சிட்டாங்க, டீச்சர்" என்று சொன்னால் அந்தக் குழு வீட்டுக்குப் போகலாம். ஒருத்தி பாக்கி என்றாலும் குழுவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

வினோலியாவுக்கு மூன்று பேர் கிடைத்தார்கள். பேகம்பூரிலிருந்து வருகிற நசீம் பானு. வாய் ஓயாத மகேஸ்வரி. மூன்றாவது, தாடிக்கொம்பு தாண்டி உள்ளே போகிற ஒரு சின்ன ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிற அறிவுச்செல்வி.

அறிவுச்செல்விக்குப் பெயரில் மட்டும்தான் அறிவு என்று வகுப்பில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அப்பா வீரன் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா பேச்சாயி பூப்பறிக்கப் போவாள். நூல் மில்லு வேலைக்கு ஆள் ஏற்றிப்போக அவர்கள் ஊருக்கு விடியற்காலையில் வேன் வரும். அக்கா ஏற்கெனவே அதில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். "பத்துல பாஸானா மேல படிக்க வைப்பேன்னு எங்கப்பா சொல்லிருச்சு. பெயிலானா அக்காகூட நானும் வேன்ல போகணும்" என்று அறிவுச்செல்வி முதல் நாளே சொன்னாள். நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஜோஸ்பின் நர்ஸ் என்று தெரிந்ததும், "உங்கம்மா வீட்டுக்கு வர்றப்பயும் வெள்ளச் சேலைதான் கட்டிருப்பாங்களா?" என்று கேட்டாள்.

முதல் வாரம் வினோலியா லீடர் என்றால் லீடர்தான். நியூட்டனின் விதிகள் மூன்றும் ஒரு சொல் பிசகாமல் வர வேண்டும் என்றாள். நசீம் பானு எப்படியோ சொல்லிவிட்டாள். மகேஸ்வரி முணங்கிக்கொண்டே முடித்தாள். அறிவுச்செல்விக்கு முதல் விதியே பாதியில் நின்றது. மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடி நின்றது. மற்றக் குழுக்களெல்லாம் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டன. மகேஸ்வரி பெஞ்சைத் தட்டினாள். அறிவுச்செல்வியின் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. அவள் ஊர் வழியாகப் போகிற வேடசந்தூர் பஸ் கிளம்புகிற நேரம். வினோலியா விடவில்லை. ஒவ்வொரு விதிக்கும் ஓர் உதாரணம் சொல்லிவிட்டு, கடைசியாக, "செல்விங்கிறவ வண்டியத் தள்ளுறா. வண்டி அவளத் திருப்பித் தள்ளுது. இப்பச் சொல்லு" என்றாள். அறிவுச்செல்வி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மூன்று விதிகளையும் கடகடவென்று சொன்னாள். சொல்லி முடித்ததும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். "ஏ, வந்துருச்சுடி!" என்று கத்தினாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை வினோலியா பார்த்தாள்.

ஆனால் பஸ் போய்விட்டது. அறிவுச்செல்வி இருட்டிய பிறகுதான் வீடு போய்ச் சேர்ந்தாள். அப்பாவிடம் ரெண்டு அறையும் வாங்கினாள். மகேஸ்வரிக்குத் தையல் வகுப்பு போச்சு. மறுநாள் மூன்று பேரும் வினோலியாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இவ மார்க்கு வாங்கணும்னா இவ படிக்கட்டும், நம்ம உசுர ஏன் வாங்குறா?" என்று மகேஸ்வரி அவள் காதில் விழும்படியே சொன்னாள். மத்தியானம் வினோலியா டிபன் பாக்ஸோடு மரத்தடி வரை போனாள். வட்டம் நகரவில்லை. திரும்பி வந்து வகுப்பறையில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் அறிவுச்செல்விக்கு மூன்று வரிகூட வரவில்லை. படித்திருந்தால்தானே வருவதற்கு? கடிகாரத்தைப் பார்த்தாள், வினோலியாவைப் பார்த்தாள். "வினோ, இன்னைக்கு மட்டும்டி" என்றாள். முதல் தடவையாக அவளை 'வினோ' என்று ஒரு பிள்ளை கூப்பிட்டது. வினோலியா எழுந்து நின்றாள். "எங்க குரூப்ல எல்லாரும் ஒப்பிச்சிட்டாங்க, டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வினோலியா சொன்னால் அவருக்கு வேதவாக்கு.

வெளியே வந்ததும் அறிவுச்செல்வி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நான்கு பேரும் பஸ் ஸ்டாண்டு வரை சிரித்துக்கொண்டே ஓடினார்கள். மறுநாள் மத்தியானம் மகேஸ்வரி தானாகவே நகர்ந்து உட்கார்ந்து, "ஏ படிப்ஸ், இங்க வா, என்ன வெஞ்சனம் கொண்டாந்த?" என்று கேட்டாள். வினோலியா ஓடிப்போய் உட்கார்ந்தாள். முட்டைப் பொரியலை மூடியோடு அப்படியே நடுவில் வைத்தாள்.

'இன்னைக்கு மட்டும்' என்பது வருஷம் முழுக்க நீடித்தது. அதைப் பற்றி அவர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. பழகிப்போயிற்று. கடைசிப் பீரியடில் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கதை பேசுவார்கள். நேரமானதும் வினோலியா எழுந்து அந்த வாக்கியத்தைச் சொல்வாள். அதற்குப் பிறகு அந்தக் குழுவுக்கு ஒரே சட்டம்தான்: ஒருத்தியை ஒருத்தி காட்டிக் கொடுக்கக் கூடாது. அறிவுச்செல்வி கணக்கு வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால், அவள் நோட்டு வினோலியாவிடம் இருக்கிறது என்று நசீம் பானு சொல்வாள். மகேஸ்வரி ஒரு நாள் கட்டடித்தபோது அவளுக்கு வாந்தி என்று மற்ற மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். பெரியவர்கள் இதைக் கெட்ட சகவாசம் என்பார்கள். பதினைந்து வயதில் அதற்குப் பெயர் விசுவாசம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். வினோலியாவுக்கு அதுபோல நல்ல வருஷம் அதற்கு முன்னால் வாய்த்ததில்லை. அவள் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிக்க அறிவுச்செல்வி சொல்லிக் கொடுத்தாள். காய்ச்சலில் படுத்தபோது மூன்று பேரும் வீடு தேடி வந்தார்கள். ஜோஸ்பினே ஆச்சரியப்பட்டுப் போனாள். அறிவுச்செல்வி பஸ்ஸில் வரும்போது அம்மா பறித்த பூவில் ஒரு முழம் எடுத்து வந்து, நான்காகக் கிள்ளித் தருவாள். வினோலியாவின் மார்க்கு ஒன்றும் குறையவில்லை. அவள் வீட்டில் படித்தாள். நசீம் பானுவுக்கு டியூஷன் இருந்தது. மகேஸ்வரி கடைசி நேரத்தில் முட்டி மோதி எழுதுகிறவள். அறிவுச்செல்விக்கு அந்தக் கடைசிப் பீரியடைத் தவிர வேறு எதுவும் கிடையாது. வீட்டுக்குப் போனால் தண்ணீர் எடுக்க வேண்டும், பூக்கட்ட வேண்டும், தம்பியைப் பார்க்க வேண்டும். இது வினோலியாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தினமும் எழுந்து நின்றாள்.

அரையாண்டில் அறிவுச்செல்வி அறிவியலிலும் கணக்கிலும் தோற்றாள். ஜனவரியில் பெற்றோர் கூட்டம். பேச்சாயி பூப்பறிக்கிற வேலையை விட்டுவிட்டு, ஈரத் தலையோடு முதல் ஆளாக வந்து நின்றாள். அறிவுச்செல்வி அம்மாவுக்குப் பின்னால் தலை குனிந்து நின்றாள்.

"எனக்கே புரியலம்மா. தினமும் ஒப்பிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போறா. பேப்பர்ல ஒண்ணுமே இல்ல" என்றார் டீச்சர். பிறகு, நோட்டு அடுக்கிக்கொண்டிருந்த வினோலியாவைக் கூப்பிட்டார். "நீயே சொல்லு வினோலியா. அறிவு ஒழுங்கா ஒப்பிக்கிறாளா இல்லையா?"

வினோலியா அறிவுச்செல்வியைப் பார்த்தாள். அறிவுச்செல்வி நிமிர்ந்து பார்த்துக் கண்ணாலேயே 'ஆமான்னு சொல்லு' என்றாள்.

"ஒப்பிக்கிறா, டீச்சர்."

டீச்சர் பெருமூச்சு விட்டார். "பாத்தீங்களா? முயற்சி பண்ணாமல்லாம் இல்ல. சில பிள்ளைங்களுக்கு மண்டையில நிக்கிறதில்ல. நம்ம என்ன செய்ய?" என்று கனிவோடுதான் சொன்னார். பேச்சாயி மகளின் தலையைத் தடவினாள். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் வினோலியா அன்று ராத்திரி தூங்கியிருப்பாள்.

மறுநாள் அவள் கண்டிப்பானாள். "இனிமே நெசமாவே கேப்பேன். அறிவு, நீ ஒளி பாடத்தைச் சொல்லு" என்றாள். மகேஸ்வரி கெக்கலித்துச் சிரித்தாள். "ஏ, மறுபடி படிப்ஸ் ஆயிட்டாடி!" அறிவுச்செல்விகூட, "விடு வினோ, பப்ளிக்குக்கு ஒரு மாசம் முந்தி உக்காந்து படிச்சிருவேன்" என்று கெஞ்சினாள். வினோலியா பிடிவாதமாக இருந்தாள். குழு அன்று கடைசியாகத்தான் வீட்டுக்குப் போனது. அடுத்த நாள் மத்தியானம் அவள் மரத்தடிக்குப் போனபோது மகேஸ்வரி நகரவில்லை. நசீம் பானு எங்கோ பார்த்தாள். அறிவுச்செல்வி நகர்ந்தாள், ஆனால் அரை மனதாக.

ஒரே ஒரு மத்தியானம். வினோலியாவால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் இருந்த அந்தக் காலி வகுப்பறையும் தயிர்சாதமும் கண்முன் வந்துவிட்டன. சாயங்காலம் எழுந்து நின்று, எல்லாரும் ஒப்பித்துவிட்டார்கள் என்று சொன்னாள். பப்ளிக்குக்கு ஒரு மாதம் முந்தி அறிவுச்செல்வியின் அம்மாவுக்கு டெங்கு வந்தது. அவள் பாதி நாள் பள்ளிக்கூடமே வரவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. வினோலியா பள்ளிக்கூடத்தில் இரண்டாவது. நசீம் பானு நல்ல மார்க்கு. மகேஸ்வரி தப்பித்தாள். அறிவுச்செல்வி அறிவியலிலும் கணக்கிலும் போய்விட்டாள். வீட்டில் ஜோஸ்பின் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வினோலியாவுக்கு ஒரு துண்டு இறங்கவில்லை. அறிவுச்செல்விக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. வினோலியா உடனே அவள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அவர்கள் வீட்டு வாசலில் அறிவுச்செல்வியின் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் வீரன். பேச்சாயி வினோலியாவைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வா தாயி. ரெண்டாவதா வந்துருக்கியாமே! மகராசியா இரு. செத்த இரு, டீ போடுறேன்."

"வேணாம்மா. அறிவு எங்க?"

"கொல்லையில கெடக்கா. அழுது அழுது மூஞ்சி வீங்கிப் போச்சு. திங்கக்கெழம வேன்ல ஏத்திவிடணும், அதுக்குள்ள சரியாயிருவா."

"இன்னொரு தடவ எழுதலாம்மா. ஜூலைலயே எழுதலாம். பாஸாயிட்டா இந்த வருசமே லெவன்த்துல சேந்துரலாம்."

"டீச்சரம்மாவும் போன்ல சொன்னாக." பேச்சாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எழுதி என்ன செய்ய? படிக்காமத் திரிஞ்ச கழுதைன்னா ரெண்டு அடி வச்சுப் படிக்க வைக்கலாம். வருசம் பூரா உன்னைய மாதிரிப் புள்ளகிட்ட தெனமும் ஒப்பிச்சவ. நீயே கேட்டும் ஏறலைன்னா அவளுக்குப் படிப்பு அம்புட்டுத்தான் தாயி. அவளை வதைக்க எனக்கு மனசு வரல."

வினோலியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் சொன்ன பொய் அறிவுச்செல்வியைப் பஸ் பிடிக்க விட்டதோடு நிற்கவில்லை. அவளை மக்கு என்று நிரூபித்துவிட்டது. டீச்சருக்கும், பெற்றவளுக்கும், ஊருக்கும் அதுவே சாட்சி. அவள் வாயிலிருந்து வந்த சாட்சி.

"அம்மா, அவ ஒப்பிக்கவே இல்லம்மா" என்றாள். "நான் கேக்கவே இல்ல. டீச்சர்கிட்ட பொய் சொன்னேன். தெனமும் பொய்தான் சொன்னேன். அவளுக்குப் படிப்பு வரும்மா. ஒருநாள் நெசமாக் கேட்டேன், முழுசாச் சொன்னா. என்னாலதான் போச்சு."

பேச்சாயி அவளையே பார்த்தாள். பிறகு கண் கலங்கப் புருஷனிடம் திரும்பினாள். "இந்தப் புள்ள மனசப் பாத்தீகளா? நம்ம மகளுக்காகப் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிருது."

"இல்லம்மா! சத்தியமாம்மா!"

வீரன் கட்டிலிலிருந்து எழுந்தார். அதிகம் பேசாத மனிதர். ஆனால் அவருக்கு ஏதோ தட்டியது. "ஏத்தா அறிவு, இங்க வா" என்று கூப்பிட்டார். அறிவுச்செல்வி வந்து கதவோரம் நின்றாள். "இந்தப் புள்ள சொல்றது நெசமா? நீ படிக்காமத்தான் விட்டியா? நெசம்னா சொல்லிரு. வேன்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன். இன்னொருக்கா உக்காந்து எழுது. ஆனா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, எவ எவ பொய் சொன்னான்னு நாலு வார்த்த கேக்காம விடமாட்டேன்."

வினோலியா அவள் முகத்தையே பார்த்தாள். 'சொல்லு, சொல்லிவிடு' என்று உள்ளுக்குள் மாதாவை வேண்டினாள். ஒரே ஒரு 'ஆமா' போதும்.

அறிவுச்செல்வி வினோலியாவைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"இல்லப்பா. தெனமும் ஒப்பிச்சேன். எனக்குத்தான் நிக்கல."

வீரன் மறுபடி கட்டிலில் உட்கார்ந்தார். பேச்சாயி டீ போட எழுந்தாள்.

பஸ் ஏற்றிவிட அறிவுச்செல்வி ரோடு வரைக்கும் வந்தாள். வழியெல்லாம் வினோலியா அழுதுகொண்டே, "ஏண்டி அப்படிச் சொன்ன? ஏண்டி?" என்று கேட்டாள்.

"எங்கப்பாவப் பத்தி உனக்குத் தெரியாது. நாளைக்கே வந்து பள்ளிக்கூட வாசல்ல நின்னு கத்தும். டீச்சர் மூஞ்சியில நீ எப்படி முழிப்ப? உன்னைய லெவன்த்துல சேக்க வேணாமா?"

"என்னைய விடுடி. உன்னையச் சொல்லு. நர்ஸுக்குப் படிக்கணும்னியே!"

அறிவுச்செல்வி துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்காக உன்னையக் காட்டிக் குடுக்கவா?" என்றாள். வீங்கிய முகத்திலும் அதைச் சொல்லும்போது ஒரு பெருமை இருந்தது. "நம்ம குரூப்ல யாரும் யாரையும் காட்டிக் குடுத்ததில்லைல?"

அந்த ஒரு வருஷத்தில் அறிவுச்செல்வி எழுத்துப் பிசகாமல் படித்த பாடம் அது ஒன்றுதான். அதை அவளுக்குக் கற்றுக் கொடுத்ததும் வினோலியாதான்.

பஸ் வந்தது. "ஏறுடி, நிக்க மாட்டான்" என்று அறிவுச்செல்வி அவளைத் தள்ளி ஏற்றிவிட்டாள். ஜன்னலோரம் ஒரு சீட் கிடைத்தது. வெளியே கை ஆட்டிக்கொண்டு நின்றவள் மறைந்ததும் வினோலியா வாய்விட்டு அழுதாள். மடியில் காய்கறிப் பையோடு பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் முதுகில் கையை வைத்தாள்.

"பரிச்சையில போயிருச்சா தாயி?"

வினோலியா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.